முதலில் வெளிச்சம், பிறகு காட்சி

தெருமுனைக் கடையில் டீ ஆற்றுகிறவரையோ, விடிகாலையில் கரையேறும் படகையோ ஃபிலிம் கேமராவில் பிடிக்க விரும்பும் உங்களுக்கு இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: வெளிச்சத்தைப் பற்றிய முடிவை, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே எடுத்துவிடுங்கள். செல்பேசியில் இந்த முடிவைத் தள்ளிப்போடலாம். எடுத்ததைத் திரையில் பார்த்து, இருண்டிருந்தால் மறுபடி எடுக்கலாம். ஃபிலிமில் அந்தத் திரும்பிப் பார்த்தல் நெகடிவ் லேபிலிருந்து வந்த பிறகுதான். அதற்குள் டீ ஆற்றியவர் கடையைச் சாத்தியிருப்பார், படகு அடுத்த பயணம் போயிருக்கும். டிஜிட்டலில் காட்சி, படம், திருத்தம் என்று போகும் வரிசை, ஃபிலிமில் வெளிச்சம், ஃபோகஸ், காட்சி என்று மாறவேண்டும். புதிதாக ஃபிலிம் எடுப்பவர்களின் கெட்டுப்போன ரோல்களில் பெரும்பகுதி, பழைய வரிசையைப் புதிய கருவியில் கடைப்பிடிப்பதால் வருபவை.

ஃபிலிம் தானாக நிதானம் தராது

ஃபிலிம் கேமராவை எடுத்தாலே நிதானம் வந்துவிடும், 36 படம்தான் என்கிற கட்டுப்பாடே பாடம் சொல்லித் தரும் என்று பலர் சொல்கிறார்கள். இதை அப்படியே ஏற்க முடியாது. அமெரிக்கத் தெருக்களைப் படமெடுத்த கேரி வினோகிராண்ட் 1984-இல் இறந்தபோது, எடுத்துவிட்டுக் கழுவாமல் விட்டுச்சென்ற ரோல்கள் ஏறக்குறைய 2,500. ரோலுக்கு 36 என்று கணக்கிட்டால் 90,000 படங்கள். அவற்றை அவர் பார்க்கவே இல்லை. அவர் கையில் இருந்ததும் ஃபிலிம்தான். ஆகவே எண்ணிக்கைக் கட்டுப்பாடு யாரையும் தானாக நிறுத்தாது. ரோலும் கழுவும் கூலியும் இன்று விற்கிற விலையில், கட்டுப்பாடு வேறொரு தீங்கையும் செய்கிறது. ஒவ்வொரு அமுக்கலும் காசு என்கிற பயத்தில் விரல் தயங்குகிறது, தயங்கிய அரை நொடியில் சிரிப்பு மறைந்துவிடுகிறது. பயத்தை நிதானம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். வெளிச்சமும் தூரமும் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டன என்று தெரிந்த கைக்குத்தான் காத்திருக்கவும் முடியும், சட்டென்று அமுக்கவும் முடியும்.

மீட்டருக்குத் தெரியாதது

கேமராவிலேயே மீட்டர் இருக்கிறதே, பிறகு எதற்கு முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. மீட்டர் பொய் சொல்வதில்லை. எதிரே இருப்பது என்ன பொருள் என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். தனக்குள் வரும் ஒளி ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்தில் பட்டு வந்தது என்று வைத்துக்கொண்டு அது கணக்குப் போடுகிறது. விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பலை வழக்கமான அளவுகோலாகக் கொள்வார்கள். வேதாரண்யத்திலோ தூத்துக்குடியிலோ உப்பளத்தின் முன் நின்று மீட்டர் சொன்னபடி எடுத்தால், குவித்து வைத்த உப்பு அழுக்குச் சாம்பலாக வரும், உப்பு வாருகிறவரின் முகம் கறுத்துப் போகும். கரும்பாறை, புதிதாய்ப் போட்ட தார்ச்சாலை, எண்ணெய் படிந்த மண்டபத் தூண் இவற்றின் முன் அதே மீட்டர் எதிர்ப்பக்கம் தவறும். கறுப்பு வெளிறி, தூணின் கனம் போய்விடும்.

நம் தெருக்களில் இன்னும் அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு. வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் உச்சிவெயிலில் நிற்கிறார். வெயில் தலைக்கு நேர்மேலே இருப்பதால் நெற்றியும் தோளும் பளீரென்று இருக்க, கண்ணும் கன்னமும் நிழலில் இருக்கின்றன. மீட்டர் துணியைப் பார்த்து, ஒளியைக் குறைக்கச் சொல்கிறது. படத்தில் மடிப்புக் கலையாத சட்டை இருக்கும், ஆள் இருக்கமாட்டார். மாநிறமும் கறுப்புமான முகங்களை எடுக்கிற நமக்கு இது சிறிய தவறு இல்லை. முகத்துக்காக எடுத்த படத்தில் முகம்தான் முதலில் காணாமல் போகிறது. செல்பேசியில் இறக்கிக்கொள்ளும் மீட்டர் செயலிகளும் இதே கணக்கைத்தான் போடுகின்றன. அவை பயனுள்ளவை, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை நோக்கிக் காட்டுவது என்பதை அவை உங்களுக்காக முடிவு செய்யமாட்டா.

எந்தப் பக்கம் தவறினால் தப்பிக்கலாம்

நெகடிவ் ஃபிலிம் எவ்வளவு தவறினாலும் தாங்கும், அதற்காக இவ்வளவு கவலை தேவையில்லை என்பது இன்னோர் எதிர்வாதம். அதில் பாதிதான் உண்மை. கேமராக்காரர்கள் ஸ்டாப் என்று சொல்வது ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது. கோடாக் கோல்டு 200, போர்ட்ரா 400 போன்ற வண்ண நெகடிவ்களும், இல்ஃபோர்டு ஹெச்பி5 பிளஸ், கோடாக் ட்ரை-எக்ஸ் போன்ற கறுப்பு வெள்ளை நெகடிவ்களும் இரண்டு ஸ்டாப் ஒளி கூடினாலும் நல்ல படம் தருகின்றன. ஒளி குறைந்தால் கதை வேறு. நிழல் பகுதியில் போதிய ஒளி படாத இடத்தில் ஃபிலிம் எதையும் பதிவதில்லை. பதியாததை லேபிலோ ஸ்கேனரிலோ யாராலும் மீட்க முடியாது. கிடைப்பது சேற்று நிறமும் மணல் மணலாகக் குருணையும்தான். அதனால் நெகடிவுக்கான விதி, நிழலுக்கு அளந்து எடுப்பது. ஸ்லைடு ஃபிலிமில் இது தலைகீழ். எக்டாக்ரோம் இ100 போன்றவற்றில் அரை ஸ்டாப் கூடினாலே வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அங்கே வெளிச்சப் பகுதிக்கு அளக்கவேண்டும். முதல் பத்து ரோல்களுக்கு ஸ்லைடு பக்கம் போகாதீர்கள்.

கிளம்பும் முன்

வீட்டிலேயே, நிழலில், அவசரமில்லாமல் செய்யவேண்டியவை:

1. ஃபிலிம் குளிர்பதனப் பெட்டியில் இருந்ததென்றால், டப்பாவைத் திறக்காமல் ஒன்றரை மணி நேரம் வெளியே வையுங்கள். உடனே திறந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரம் ஃபிலிம் மேல் பனிக்கும்.

2. பழைய கேமராவின் பின்கதவு ஓரத்திலுள்ள கறுப்பு நுரைப்பட்டையைத் தொட்டுப் பாருங்கள். விரலில் பிசுபிசுவென ஒட்டினால் அது செத்துவிட்டது, வெயில் உள்ளே கசியும். முதலில் அதை மாற்றுங்கள்.

3. பேட்டரியைச் சரிபாருங்கள். 1960, 70-களில் வந்த பல கேமராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டவை. அந்த பேட்டரி இன்று விற்பனையில் இல்லை. அதே அளவு 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் ஓடும், ஆனால் பல கேமராக்களில் தவறாக ஓடும். காது கேட்கும் கருவிக்கான ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட் தருவதால் சின்ன வளையம் வைத்து அதைப் போடுவது வழக்கம்.

4. ஃபிலிம் நுனியைச் சுருட்டும் உருளையில் செருகி, கதவைத் திறந்தபடியே ஒருமுறை நகர்த்தி, இருபக்கத் துளைகளும் பற்களில் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகே மூடுங்கள். தளர்வை எடுக்க ரீவைண்டு குமிழை மெல்லத் திருகுங்கள். அடுத்துப் படத்தை நகர்த்தும்போது அந்தக் குமிழும் சுழலவேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை. 36 படம் எடுத்தும் வெறும் ரோல் கழுவ நேர்வது இந்த ஒரு பார்வையைத் தவறவிடுவதால்தான்.

5. ஐஎஸ்ஓ எண்ணை அமையுங்கள். ஃபிலிம் பெட்டியின் மூடியைக் கிழித்துக் கேமராவின் பின்னால் செருகிவையுங்கள். இரண்டு வாரம் கழித்து உள்ளே என்ன ஃபிலிம் என்று நினைவிருக்காது.

வெளிச்சத்தை வாசிக்கும் வரிசை

சூரியன் நம்பகமான விளக்கு. மேகமில்லாத பகலில், காலை வெயில் நன்றாக ஏறியது முதல் மாலை இறங்கும் வரை, அது தரும் ஒளி பெரிதாக மாறுவதில்லை. இந்த உண்மையிலிருந்து வந்ததுதான் எஃப் 16 விதி: பளிச்சென்ற வெயிலில் அபெர்ச்சரை எஃப் 16-இல் வைத்து, ஷட்டர் வேகத்தை ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு அருகில் வைக்கவேண்டும். 100 ஃபிலிமுக்கு 1/125 வினாடி, 200-க்கு 1/250, 400-க்கு 1/500. மேகத்தைக் கண்ணால் எடைபோடுவது கடினம், கண் தன்னைச் சரிசெய்துகொண்டு நம்மை ஏமாற்றும். அதனால் வானத்தைப் பார்க்காமல் தரையில் விழும் நிழலைப் பாருங்கள்:

1. நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் எஃப் 16.
2. ஓரம் மென்மையாகிவிட்டால் எஃப் 11.
3. நிழல் இருக்கிறது, வடிவம் கலங்கலாக இருக்கிறது என்றால் எஃப் 8.
4. நிழலே விழவில்லை என்றால் எஃப் 5.6.
5. வெயில் நாளில் ஆள் திண்ணையிலோ வேப்பமர நிழலிலோ இருக்கிறார், மேலே கொஞ்சம் வானம் தெரிகிறது என்றால் எஃப் 4.

ஷட்டர் வேகம் இந்த ஐந்துக்கும் ஒன்றே. எஃப் 4, 1/500 என்பதை விரும்பினால் எஃப் 8, 1/125 என்றும் வைக்கலாம், ஃபிலிமில் படும் ஒளி ஒன்றுதான். உப்பளத்திலும் வெண்மணல் கடற்கரையிலும் மீட்டர் பயந்து ஒளியைக் குறைக்கச் சொல்லும். நெகடிவ் என்றால் பொருட்படுத்தாமல் எஃப் 16-லேயே விடுங்கள். சூரியன் ஆளின் பக்கவாட்டில் இருந்தால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், முதுகுக்குப் பின்னால் இருந்தால் இரண்டு. உச்சிவெயிலில் நிற்கும் வேட்டிக்காரருக்கும் இரண்டு ஸ்டாப் கூட்டினால் முகம் திரும்பக் கிடைக்கும். சட்டை வெளுக்காதா என்றால், நெகடிவ் அதைத் தாங்கிக்கொள்ளும். இந்தக் கூட்டலின் பலனும் அதன் எல்லையும் நம் ஊர் வெயிலில்தான் நன்றாகத் தெரியும், ஏனென்றால் நிழலுக்கும் வெயிலுக்கும் உள்ள வித்தியாசம் இங்கே அவ்வளவு பெரியது.

காய்கறிச் சந்தையின் தகரக் கூரைக்கு அடியில், கோயில் பிரகாரத்தில், அந்தி மயங்கிய பிறகு இந்த விதி உதவாது. அங்கே மீட்டர் வேண்டும், அதற்கு எதைக் காட்டுவது என்பதற்கு உங்களிடமே ஓர் அளவுகோல் இருக்கிறது: உள்ளங்கை.

1. நல்ல வெயிலில் நின்று, வெயில் முழுக்கப் படும்படி உள்ளங்கையை விரித்து, கேமராவில் அது மட்டும் நிறையும்படி மீட்டரைப் பாருங்கள். ஃபோகஸ் ஆகவேண்டியதில்லை. உங்கள் நிழல் கைமேல் விழக்கூடாது.

2. மீட்டர் சொன்னதை எஃப் 16 விதியோடு ஒப்பிடுங்கள். மீட்டர் எஃப் 22 என்றால் உங்கள் உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஒரு ஸ்டாப் வெளிச்சமானது. அந்த வித்தியாசத்தை எழுதிவையுங்கள். ஆளுக்கு ஆள் மாறும், உங்களுக்கு மாறாது.

3. சந்தைக்குள் போனதும், எடுக்கப்போகும் ஆள்மீது விழும் அதே ஒளி உங்கள் கைமீதும் விழும் இடத்தில் நின்று கையை அளந்து, எழுதிவைத்த வித்தியாசத்தைக் கூட்டி, அபெர்ச்சரையும் ஷட்டரையும் அமைத்துவிடுங்கள்.

4. அந்த இடத்தைவிட்டு நகரும் வரை மீட்டரைத் திரும்பப் பார்க்காதீர்கள். ஒளி மாறாதவரை எண் மாறவேண்டியதில்லை. வெள்ளைச் சேலை கட்டியவர் வந்தாலும் கறுப்புக் குடையோடு ஒருவர் வந்தாலும் அதே அமைப்புதான் சரி.

தெரு: தூரத்தையும் முன்பே பூட்டிவைப்பது

அளந்துகொண்டிருந்தால் கணம் போய்விடும் என்பது தெருவில் எடுப்பவர்களின் பழைய முறையீடு. அந்த நேரத்தில் அளந்தால் போய்விடும் என்பதில் ஐயமில்லை, அதனால்தான் முன்பே அளக்கச் சொல்கிறோம். 1950-இல் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்த ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோனைக் கணத்தின் கலைஞராகக் கொண்டாடுகிறோம். அவர் காலத்து லைக்காவுக்குள் மீட்டரும் இல்லை, தானாக ஃபோகஸ் செய்யும் வசதியும் இல்லை. அந்தக் கணத்தில் அவருடைய கேமரா எதையும் கணக்கிடவில்லை. கணக்கு முன்பே முடிந்திருந்தது. தானியங்கி வசதிகள் வந்த பிறகுதான் கணக்கையும் கணத்தையும் ஒரே நொடிக்குள் திணிக்கப் பழகினோம்.

தூரத்தை முன்கூட்டி வைக்கும் வழி:

1. 35 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 8 வைத்து, ஃபோகஸ் வளையத்தை 3 மீட்டரில் நிறுத்துங்கள். ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். 50 மில்லிமீட்டர் லென்ஸ்தான் இருக்கிறதென்றால் அதே எஃப் 8-இல் 5 மீட்டருக்கு வையுங்கள், மூன்றரை மீட்டர் முதல் ஒன்பதரை மீட்டர் வரை கிடைக்கும்.

2. 3 மீட்டர் என்பது எவ்வளவு என்று கால்களுக்குப் பழக்குங்கள். வீட்டு வாசலிலிருந்து நாடாவால் அளந்து, எத்தனை அடி வைத்தால் வருகிறது என்று நடந்து பாருங்கள்.

3. மக்கள் நடமாடும் இடத்தில் ஷட்டர் 1/250-க்குக் கீழே இறங்காமல் பாருங்கள். 400 ஃபிலிம் இதற்காகத்தான். திண்ணை நிழலில்கூட எஃப் 5.6, 1/250 வைக்கலாம்.

4. நல்ல பின்னணியைக் கண்டுபிடித்து நில்லுங்கள். காட்சியைத் துரத்துவதைவிட, அளந்து வைத்த ஒளிக்குள் காட்சி நடந்து வரக் காத்திருப்பது பலன் தரும். சுண்ணாம்படித்த சுவர், பேருந்து நிறுத்தம், குழாயடி எதுவானாலும் சரி.

5. படம் எடுத்த உடனே அடுத்ததற்கு நகர்த்திவிடுங்கள். சோர்க்கி, ஃபெட் போன்ற சோவியத் கேமராக்களில் இது கட்டாயம். நகர்த்திய பிறகே ஷட்டர் வேகத்தை மாற்றவேண்டும், முன்னால் மாற்றினால் உள்ளிருக்கும் பொறி கெடலாம்.

குறிப்பு: வெயிலும் நிழலும் கலந்த தெருவில் இரண்டு எண்களை மட்டும் மனத்தில் வையுங்கள், வெயில் பக்கத்துக்கு ஒன்று, நிழல் பக்கத்துக்கு ஒன்று. தெருவைக் கடக்கும்போதே விரல் அபெர்ச்சர் வளையத்தைத் திருப்பிவிடவேண்டும். 400 ஃபிலிமில் எஃப் 16, எஃப் 4 இரண்டுக்கும் நடுவே நான்கு ஸ்டாப். பல லென்ஸ்களில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வளையம் ஒரு சொடுக்குப் போடும். அந்தச் சொடுக்கை எண்ணிப் பழகினால் பார்க்காமலே மாற்றலாம்.

நிலம்: காத்திருக்கலாம், ஆனால் வெளிச்சம் காத்திருக்காது

நிலக்காட்சிக்கு நேரம் இருக்கிறது, மலை எங்கே ஓடிவிடப் போகிறது என்று தோன்றும். மலை இருக்கும், அதன்மேல் பட்ட வெயில் இருக்காது. இதற்கு நிலக்காட்சிப் படக்கலைஞர் ஆன்செல் ஆடம்ஸின் ‘மூன்ரைஸ்’ படத்தைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 1941-இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில், மாலை வெயிலின் கடைசிக் கீற்று கல்லறைச் சிலுவைகளின்மேல் விழுந்துகொண்டிருந்தபோது அவருக்கு மீட்டர் கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதிலிருந்து மனக்கணக்காக எஃப் 32, ஒரு வினாடி என்று முடிவுசெய்து எடுத்தார். இரண்டாவது நெகடிவுக்காக ஃபிலிம் பெட்டியைத் திருப்புவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது. பெரிய கேமரா, முக்காலி, அசையாத ஊர் எல்லாம் இருந்தும் கிடைத்தது ஒரே ஒரு நெகடிவ். முன்பே அறிந்து வைத்திருந்த எண்தான் அதையும் காப்பாற்றியது.

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலை எடுத்துக்கொள்வோம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இந்தக் கோயில் வங்கக் கடலை ஒட்டி நிற்கிறது, சூரியன் கடலிலிருந்து எழுகிறது. காலையில் கோயிலுக்கு மேற்கே நின்று கேமராவைக் கடல் பக்கம் திருப்பினால், பின்னால் பிரகாசமான வானம், முன்னால் நிழலில் கருங்கல். இரண்டையும் ஒரே நெகடிவில் முழுதாகக் கொண்டுவருவது கடினம். எது வேண்டும் என்று முன்பே தீர்மானியுங்கள். கல்லின் அரிப்பும் சிற்பமும் வேண்டுமென்றால் நிழல் பக்கத்துக் கல்லை மட்டும் அளந்து, மீட்டர் சொன்னதைவிட ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். அந்தக் கல் சாம்பலாக வெளிறாமல் கல்லாகவே இருக்க அந்தக் குறைப்பு. விமானங்களின் கோட்டுருவம் போதும் என்றால் சூரியன் சட்டகத்தில் வராமல் வானத்தை அளந்து எடுங்கள். இரண்டுக்கும் நடுவில் மீட்டரை முழுக் காட்சிக்கும் காட்டி எடுத்தால், கல்லும் போய் வானமும் போய் இரண்டுங்கெட்டானாக ஒரு படம் வரும். மாலையில் நிலைமை மாறும். வெயில் மேற்கிலிருந்து கல்லின்மேல் நேராக விழும், எஃப் 16 விதியில் ஒன்றோ இரண்டோ ஸ்டாப் கூட்டினாலே போதும்.

நிலக்காட்சிக்கான வரிசை:

1. 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 16 வைத்து ஃபோகஸை 5 மீட்டருக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். காலடியிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளித் தொடங்கி தொடுவானம் வரை தெளிவு கிடைக்கும். வளையத்தைக் கடைசிவரை திருப்பி முடிவிலியில் வைப்பது, முன்னால் இருக்கும் புல்லையும் பாறையையும் வீணாக இழப்பது.

2. ஷட்டர் வேகம் லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணுக்குக் கீழே இறங்கினால் (50 லென்ஸுக்கு 1/60-க்குக் கீழே) முக்காலி தேவை. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும், அதை மறந்து போய் நிற்காதீர்கள்.

3. கறுப்பு வெள்ளையில் நீல வானம் வெறும் வெள்ளையாக வராமல் இருக்க வண்ண ஃபில்டர் போடலாம். மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப், ஆரஞ்சுக்கு ஏறக்குறைய இரண்டு, சிவப்புக்கு மூன்று கூட்டவேண்டும். பருவமழைக்கு முந்தைய திரள்மேகத்துக்கு ஆரஞ்சு அழகு. சிவப்பு, நிழல்களையும் சேர்த்துக் கறுக்கவைக்கும், காரணம் நிழலுக்குள் வரும் ஒளி நீல வானத்திலிருந்து வருவது.

4. ஒரு வினாடிக்கு மேல் திறந்து வைத்தால் ஃபிலிம் சோர்ந்துபோகும், மீட்டர் சொல்லும் நேரம் போதாது. ஹெச்பி5 பிளஸில் மீட்டர் 10 வினாடி சொன்னால் 20 வினாடி கொடுங்கள். ஃபிலிமுக்கு ஃபிலிம் இது மாறும், தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையைப் பாருங்கள்.

5. கொடைக்கானலிலோ வால்பாறையிலோ மூடுபனி இறங்கினால் மீட்டர் அதையும் சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் கூட்டினால் பனி பனியாக வரும்.

உடம்பையும் கருவியையும் காப்பது

சூரியனைச் சட்டகத்துக்குள் வைத்து, நீண்ட லென்ஸ் வழியாகக் கண்ணால் பார்க்காதீர்கள், விழித்திரை நிரந்தரமாகப் பழுதாகும். துணி ஷட்டர் உள்ள ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் வேறோர் ஆபத்து உண்டு. மூடி போடாமல் லென்ஸைச் சூரியனை நோக்கி வைத்தால், பூதக்கண்ணாடிபோல் ஒளி குவிந்து துணியில் ஓட்டை விழும். தோளில் தொங்கும்போதும் மூடி இருக்கட்டும். ஃபிளாஷ் உள்ள சின்னக் கேமராக்களையும் ஒருமுறை பயன்படுத்தும் கேமராக்களையும் வீட்டில் பிரித்துப் பார்க்க வேண்டாம். ஃபிளாஷின் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் இருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது தங்கியிருக்கும்.

வியூஃபைண்டரில் கண் வைத்தபடி பின்னால் நடக்காதீர்கள். சாலையில், மொட்டைமாடியில், அலை ஏறும் பாறையில் விபத்து நடப்பது அந்த இரண்டு அடியில்தான். ரயில் தண்டவாளத்தில் நின்று எடுப்பது உயிருக்கு ஆபத்து, 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி அத்துமீறலும்கூட. மனிதர்களை எடுக்கும்போது கேமராவை மறைக்காதீர்கள். கையில் தெரியும்படி வைத்துக்கொண்டு, பார்த்தால் சிரித்து, வேண்டாமென்றால் இறக்கிவிடுங்கள். குழந்தைகளை எடுக்கும் முன் உடன் இருப்பவரிடம் கேளுங்கள். படம் எங்கே என்று கேட்கும் பாட்டியிடம் ஃபிலிம் என்று விளக்கி, பிரிண்ட் கொண்டுவந்து தருவதாகச் சொன்னால், கட்டாயம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

வெயிலில் நிறுத்திய காருக்குள் ஃபிலிமை வைக்காதீர்கள். இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-இல் உதகமண்டலத்தில் தொடங்கப்பட்டதற்கு அங்குள்ள குளிர்ந்த, தூசு குறைந்த காற்று ஒரு காரணம். ஃபிலிம் செய்வதற்கு வேண்டிய அந்தக் குளிர்ச்சி, அதை வைத்திருப்பதற்கும் வேண்டும். லென்ஸைப் பூஞ்சையிலிருந்து காக்க, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைப்பது பூஞ்சைக்கு வீடு கட்டிக்கொடுப்பது. விமான நிலையங்களில் கழுவாத ஃபிலிமைக் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி கேளுங்கள். புதிய சிடி ஸ்கேனர்களும், பெரிய பெட்டிகளைச் சோதிக்கும் கருவிகளும் ஃபிலிமில் மூட்டம் ஏற்றிவிடும்.

ரோல் முடிந்த பிறகு

1. நெம்புகோல் நகர மறுத்தால் பலவந்தம் செய்யாதீர்கள், ரோல் முடிந்துவிட்டது. அடியிலுள்ள ரீவைண்டு பொத்தானை அமுக்கிவிட்டு, இழுவிசை விடுபட்டது கையில் தெரியும் வரை குமிழைச் சுற்றுங்கள். அதன் பிறகே கதவைத் திறக்கவேண்டும்.

2. டப்பாமேல் தேதியும் இடமும் எழுதி, இயன்றவரை அதே வாரத்தில் கழுவக் கொடுங்கள்.

3. எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் அபெர்ச்சர், ஷட்டர், எந்த நிழல் விதியைப் பயன்படுத்தினீர்கள் என்பதைச் சிறு நோட்டில் ஒரு வரியில் குறித்திருக்கவேண்டும். முதல் ஐந்து ரோல்களுக்காவது இதை விடாதீர்கள்.

4. லேபிலிருந்து ஸ்கேனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். நெகடிவைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேன் செய்பவர் இருட்டான படத்தையும் வெளிச்சமாக்கித் தந்திருப்பார், உங்கள் தவறு அதில் மறைந்துபோகும்.

5. நெகடிவை வெள்ளைத் திரைக்கு முன்னால் பிடித்து, நோட்டை அருகில் வைத்துக்கொண்டு, நிழலாக இருந்த இடங்களைப் பாருங்கள். அங்கே ஏதாவது விவரம் தெரிந்தால் கணக்கு சரி. ஒன்றுமே பதியாமல் ஃபிலிமின் ஓரத்தைப்போலவே வெறுமையாக இருந்தால் ஒளி போதவில்லை. இதற்குக் காரணம் நீங்களா லேபா என்று அறிய, ஓரத்தில் தயாரிப்பாளர் பதித்த எண்களைப் பாருங்கள். எண்கள் அழுத்தமாக இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால் அளவு தவறியது உங்களிடம். அடுத்த 400 ரோலுக்கு மீட்டரை 200-இல் வைத்து எடுங்கள். எண்களும் சேர்ந்தே வெளிறியிருந்தால் கழுவியதில் குறை. அதே அமைப்பில் இன்னொரு ரோலை எடுத்து வேறு லேபில் கொடுங்கள்.